மதுரையில் ஞாயிறு காலைப் படம் எடுக்கும் குழு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் படம் எடுப்பதைப் பொழுதுபோக்காக வைத்திருக்கும் சிலர் சேர்ந்து நடத்தும் சிறிய குழு இது. ஆசிரியர், மெக்கானிக், வங்கி ஊழியர், கல்லூரிப் பிள்ளைகள், பணி ஓய்வு பெற்றவர்கள் என்று எல்லாரும் உண்டு. தொழில்முறைப் படக்காரர்கள் கிடையாது. புதிதாக வருகிறவர்கள் கேட்பதையெல்லாம் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

என்னிடம் கேமரா இல்லை, போன்தான் இருக்கிறது. வரலாமா?

தாராளமாக வரலாம். நல்ல வெளிச்சத்தில், பக்கத்தில் இருக்கும் பொருளுக்குப் போனே போதும். தூரத்துப் பறவைக்கும் இருட்டில் ஓடும் ஆளுக்கும்தான் அது திணறும். போனில் எடுத்தால் படம் மங்கலாக வருகிறது என்று சொல்கிறவர்களிடம் முதலில் லென்ஸைத் துடைக்கச் சொல்வேன். பாதிப் பேருக்கு விரல் எண்ணெய்தான் காரணம். அப்புறம், திரையில் எடுக்க வேண்டிய இடத்தை விரலால் அழுத்திப் பிடித்தால் ஃபோகஸும் வெளிச்ச அளவும் அங்கேயே நிற்கும். இந்த இரண்டையும் செய்தாலே பெரிய வித்தியாசம் தெரியும்.

சந்தா எவ்வளவு?

சந்தா இல்லை. வேன் பிடித்தால் வாடகையைப் பங்கு போட்டுக்கொள்வோம். சாப்பாடு அவரவர் செலவு.

மாதத்தில் என்னென்ன நடக்கும்?

இரண்டாவது ஞாயிறு காலை வெளியே போவோம். நான்காவது சனி மாலை ஒரு அறையில் உட்கார்ந்து படம் பார்ப்போம். வெளியே போவதற்குத்தான் எல்லாரும் ஆசையாக வருகிறார்கள். ஆனால் கற்றுக்கொள்வது அதிகம் நடப்பது அந்தச் சனிக்கிழமையில்தான்.

ஆளுக்கு மூன்றே படம், அதுவும் பிரிண்ட் போட்டுக் கொண்டு வர வேண்டும். மேசையில் வைத்துவிட்டு எடுத்தவர் பேசாமல் இருப்பார். மற்றவர்கள் முதலில் அந்தப் படத்தில் என்ன தெரிகிறது என்பதை மட்டும் சொல்ல வேண்டும்: கண் முதலில் எங்கே போகிறது, அப்புறம் எங்கே நகர்கிறது, எது இடிக்கிறது. "சூப்பர்" என்று மட்டும் சொல்லிவிட்டு விடக் கூடாது. கடைசியில்தான் எடுத்தவர் தான் நினைத்தது என்ன என்று சொல்வார். அவர் நினைத்ததும் நாங்கள் பார்த்ததும் ஒன்றாக இருந்தால் படம் பேசிவிட்டது. இல்லையென்றால் எங்கே விலகியது என்று தேடுவோம். ஒரு தம்பி தலைக்குப் பின்னால் கம்பம் முளைத்த படத்தைக் கொண்டு வந்தார். அடுத்த மாதம் அதே இடத்தில் அரை அடி நகர்ந்து நின்று எடுத்து வந்தார். அன்று எனக்கு இருந்த சந்தோஷம் அவருக்கு இருந்ததைவிட அதிகம்.

மூன்றே படம் என்று வைத்தது வேண்டுமென்றேதான். முந்நூறிலிருந்து மூன்றைப் பொறுக்குவது எடுப்பதைவிடக் கஷ்டம்.

எங்கெங்கே போவீர்கள்?

பெரும்பாலும் அரை நாளில் போய்த் திரும்பும் இடங்கள்.

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு விடியும் முன்பே போவோம். மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது என்பது ஊருக்கே தெரியும். ஆனால் அந்தப் பூவை ஒழுங்காகப் படம் எடுப்பது எவ்வளவு கஷ்டம் என்பது அங்கே போனால்தான் தெரியும். மூட்டை முழுக்க இருக்கும் மல்லி படச் சட்டத்தை நிறைத்தால் கேமரா ஏமாந்து அதைச் சாம்பல் நிறமாக்கிவிடும். ஒரு ஸ்டாப், அதாவது இரண்டு மடங்கு, வெளிச்சம் கூட்ட வேண்டும். அதுவே இருட்டுப் பின்னணியில் விளக்கடியில் ஒரு கைப்பிடிப் பூ என்றால் வெள்ளை வெந்துபோகும், அங்கே குறைக்க வேண்டும். 50 எம்எம் லென்ஸ், எஃப் 1.8 (லென்ஸ் திறப்பு), ஐஎஸ்ஓ 3200 (வெளிச்ச உணர்திறன்), 1/125 நொடி (ஷட்டர் வேகம்) என்று தொடங்கினால் பெரும்பாலும் கைகொடுக்கும். பூ மூட்டை தூக்கி வருகிறவருக்கு வழி விடுவதுதான் அங்கே முதல் வேலை. படம் அதற்கப்புறம்.

கீழக்குயில்குடி சமணர் மலைக்கு வருடத்தில் இரண்டு மூன்று தடவை போகிறோம். அடிவாரத்தில் தாமரைக் குளம், ஆலமரம், அய்யனார் கோயில். மேலே ஏறினால் பேச்சிப்பள்ளம். பாறையில் வரிசையாகத் தீர்த்தங்கரர் சிற்பங்கள், கீழே பழைய வட்டெழுத்துக் கல்வெட்டு. இந்தச் சிற்பங்கள் ஆழம் குறைந்தவை. உச்சி வெயிலில் நேரே நின்று எடுத்தால் தட்டையாகிவிடும். பக்கவாட்டில் வெளிச்சம் விழும் நேரம் பார்த்து நின்றால் மூக்கும் விரலும் எழுந்து நிற்கும். எழுத்துகள் சரியாகத் தெரியவில்லை என்று சிலர் சாக்பீஸ் பொடியைத் தடவிவிடுகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். ஒருவர் டார்ச்சைப் பாறையோடு ஒட்டினாற்போல் பக்கத்திலிருந்து பிடித்தால் எழுத்தின் பள்ளத்தில் நிழல் விழுந்து தானே தெரியும். கல்லுக்கும் சேதம் இல்லை. இது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம். ட்ரைபாட் வைக்க அனுமதி வேண்டும், அதனால் கையிலேயே பிடித்து எடுக்கப் பழகுங்கள்.

மேலூர்ப் பக்கம் அரிட்டாபட்டி. 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர். அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் இரண்டும் சேர்ந்து 193.21 ஹெக்டேர். லகர் வல்லூறும் ஷாஹீன் வல்லூறும் அந்தப் பாறைகளில் இருக்கின்றன. அழுங்கு, தேவாங்கு உண்டு. பாண்டியர் காலக் குடைவரைச் சிவன் கோயிலும் உண்டு. 2024 கடைசியில் அந்தப் பகுதியில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்ட செய்தி வந்து, ஊர்மக்கள் விடாமல் போராடி, 2025 ஜனவரியில் ஒன்றிய அரசு அதை ரத்து செய்தது. அதற்கப்புறம் அங்கே போகும்போது குளத்தையும் மடையையும்கூட விடாமல் எடுக்கிறோம். அழகான படம் மட்டும் போதாது, இன்றைக்கு இது இப்படி இருக்கிறது என்று சொல்லும் படமும் வேண்டும்.

திருமலை நாயக்கர் மகாலும் தெப்பக்குளமும் ஊருக்குள்ளேயே இருப்பதால் மழை மிரட்டும் வாரங்களில் அங்கே. மகாலில் கேமராவுக்குத் தனி டிக்கெட் உண்டு.

போன இடத்துக்கே ஏன் திரும்பத் திரும்பப் போகிறீர்கள்?

இதை எல்லாப் புது ஆட்களும் கேட்கிறார்கள். ஒரு பழைய கதை சொல்கிறேன்.

1858-இல் லின்னேயஸ் ட்ரைப் என்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி மதுரைக்கு வந்தார். சென்னை மாகாண அரசு அவரைப் படக்காரராக 1856-இல் நியமித்திருந்தது. மாட்டு வண்டிகளில் சாமான்களை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போனவர். அப்போது ஃபிலிம் கிடையாது. பெரிய காகித நெகட்டிவ்கள், நீண்ட எக்ஸ்போஷர், அதாவது படம் பதிய வெகுநேரம் ஆகும். ஆள் அசைந்தால் பேய் மாதிரி மறைந்துவிடுவார். மீனாட்சி கோயில், புது மண்டபம், நாயக்கர் மகால், தெப்பக்குளம் எல்லாவற்றையும் எடுத்தார். 1860-களின் பின்பாதியில் சென்னை கவர்னராக வந்த நேப்பியர் காலத்தில் மகால் பழுது பார்க்கப்பட்டது. அதற்கு முன்னால் அது எவ்வளவு சிதைந்து கிடந்தது என்பதை ட்ரைப்பின் படங்கள்தான் காட்டுகின்றன. மதுரைக்கு வந்த அதே 1858-இல் ட்ரைப் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடிப்பகுதிக் கல்வெட்டுகளைத் துண்டு துண்டாக எடுத்து, 21 படங்களை ஒட்டி, சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். இன்றைக்குப் போனில் பேனோரமா எடுக்கும்போதெல்லாம் எனக்கு அது ஞாபகம் வரும்.

வருடத்துக்கு ஒரு தடவை ட்ரைப் நின்ற இடங்களைத் தேடிப் போய் நிற்போம். அவர் படத்தைப் பிரிண்ட் எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, தூண் எங்கே வருகிறது, கரை எங்கே வருகிறது என்று பார்த்து, முன்னே பின்னே நகர்ந்து, அதே கோணத்தைப் பிடிக்க வேண்டும். சில இடங்களில் சுவரோ கடையோ வந்து மறித்துவிடும். அதையும் அப்படியே எடுப்போம். ஒரே இடத்துக்குப் பத்து தடவை போனவருக்குத்தான் பதினோராவது தடவை அங்கே என்ன மாறியிருக்கிறது என்று தெரியும்.

சித்திரைத் திருவிழாவுக்குப் போவீர்களா?

போகாமல் இருக்க முடியுமா? ஆனால் எல்லாரையும் ஒன்றாகக் கூட்டிப் போக மாட்டோம். மூன்று மூன்று பேராகப் பிரிந்து போவோம்.

அழகர் ஆற்றில் இறங்கும் அந்தச் சில நிமிடங்களை எடுத்தே தீர வேண்டும் என்று ஆற்றுக்குள் முண்டியடிப்பதை நான் ஊக்குவிப்பதில்லை. 2022-இல் அந்த நெரிசலில் இருவர் உயிரிழந்தார்கள். அந்தக் காட்சியை நல்ல இடத்தில் நின்று எடுக்கப் பத்திரிகைக்காரர்கள் இருக்கிறார்கள். நமக்கு அதைச் சுற்றி நடப்பது போதும், சொல்லப்போனால் அதுதான் வேண்டும். முந்தைய நாள், அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவைக்காக வாசலில் கோலம் போட்டுக் காத்திருக்கும் வீடுகள். விடியும் முன் சர்க்கரைச் சொம்பில் சூடம் ஏற்றிக் கையில் பிடித்து நிற்கும் பெண்கள். அந்தச் சின்னச் சுடர் முகத்தில் கீழிருந்து விழும் வெளிச்சம் இருக்கிறதே, எந்த ஸ்டுடியோ விளக்காலும் அதைத் தர முடியாது. அங்கே ஃபிளாஷ் போட்டால் எல்லாம் போய்விடும். திரி எடுத்து ஆடுகிறவர்கள், தோல் பையில் தண்ணீர் பீய்ச்சுகிறவர்கள், நீர்மோர்ப் பந்தலில் டம்ளர் கழுவும் பிள்ளைகள், அடுத்தடுத்த நாட்களில் வண்டியூர், தேனூர் மண்டபம், கடைசியில் பூப்பல்லக்கு. நாலைந்து நாளைக்குக் குறையாது.

தண்ணீர் பீய்ச்சுகிறவர்கள் கேமராவைப் பார்த்து ஒதுங்க மாட்டார்கள், ஒதுங்கவும் தேவையில்லை. அது அவர்கள் நேர்த்திக்கடன். கேமராவுக்கு ஒரு பாலித்தீன் கவர், லென்ஸ் ஹூடில் ரப்பர் பேண்ட். நான் இதைச் செய்யாமல் போய் ஒரு லென்ஸைப் பறிகொடுத்தேன். உள்ளே ஈரம் ஏறிப் பூஞ்சை பிடித்துவிட்டது.

ஜல்லிக்கட்டு?

பொங்கல் அன்று அவனியாபுரம், மறுநாள் பாலமேடு, அதற்கடுத்த நாள் அலங்காநல்லூர். பார்வையாளர் மாடத்திலிருந்து, தூரத்தைப் பக்கத்தில் காட்டும் டெலி லென்ஸில், 1/1000 நொடி அல்லது அதைவிட வேகமாக. மாடு வெளியேறும் பக்கம் நின்று எடுக்க யாரையும் விட மாட்டோம். எனக்குத் தனிப்பட்ட முறையில் பிடித்தது, முதல் நாள் மாலை வீட்டில் காளையைக் குளிப்பாட்டிக் கொம்பு சீவிப் பேசிக்கொண்டிருப்பதை எடுப்பது.

கோயிலுக்குள் எடுக்கலாமா?

மீனாட்சி கோயிலுக்குள் போனுக்கு அனுமதி இல்லை. 2018 பிப்ரவரி தீ விபத்துக்குப் பின் வந்த கட்டுப்பாடு. 2022 டிசம்பரில் தமிழ்நாட்டுக் கோயில்கள் எல்லாவற்றிலும் போனுக்குத் தடை வேண்டும் என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. அதனால் வெளியே ஆடி வீதியைத் தாண்டி, சித்திரை வீதிகளில் கோபுரத்தை எடுப்போம். வேறு ஊர்க் கோயில் என்றால் முதலில் அலுவலகத்தில் கேட்டுவிட்டுத்தான் பையைத் திறப்போம்.

தெருவில் இருக்கும் ஆட்களைக் கேட்காமல் எடுக்கலாமா?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் எடுத்துக்கொள்வேன்.

குழு தொடங்கிய புதிதில் நாங்களும் கேட்காமல்தான் எடுத்தோம். கேட்டால் இயல்பு போய்விடும் என்று சொல்லிக்கொள்வோம். பூ மார்க்கெட்டில் பூக்கட்டும் ஒரு அம்மாவை நான் பல தடவை எடுத்திருக்கிறேன். நல்ல படங்கள். ஒரு நாள் காலையில் அவரே என்னை நிறுத்தினார். "ஏப்பா, போன தடவயும் எடுத்தியே, எங்கப்பா அந்தப் படம்? எம் மூஞ்சி எப்படி இருக்குன்னு எனக்குத் தெரிய வேணாமா?" என்றார். கோபமாகக்கூட இல்லை, ஆசையாகத்தான் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. அவர் முகம் என் கணினியில் இருந்தது. யார் யாரோ பார்த்துப் பாராட்டியிருந்தார்கள். அவர் மட்டும் பார்க்கவில்லை.

அடுத்த வாரமே பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஸ்டுடியோக்காரர்கள் மேக்ஸி என்று சொல்லும் 4×6 அளவுதான். அவர் அதை முந்தானையில் துடைத்து, பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லாருக்கும் காட்டி, கல்லாப்பெட்டி மூடியில் வைத்துக்கொண்டார். "எங்க வீட்டுல நான் இருக்கிற படமே கல்யாணத்துல எடுத்ததுதான்" என்றார்.

அன்றிலிருந்து எங்கள் குழுவில் இது கட்டாயம்: ஒருவர் முகம் தெரிய எடுத்தால், திரும்பிப் போய்ப் படத்தைக் கையில் கொடுக்க வேண்டும். வெளியே போகும் ஒவ்வொரு ஞாயிறும் புதுப் படம் எடுக்கத் தொடங்கும் முன், போன மாதத்துப் பிரிண்டுகளை உறைகளில் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்து முடிப்போம். உறையில் இடம், கடை, அடையாளம் எழுதியிருக்கும். ஆள் இல்லையென்றால் பக்கத்துக் கடையில் கொடுத்துவிட்டு வருவோம்.

கேட்பது எப்படி என்றால், சில நேரம் வாயால், சில நேரம் கேமராவைக் கொஞ்சம் தூக்கிக் காட்டித் தலையசைத்து. முகத்தைத் திருப்பினால் விட்டுவிட வேண்டும். இயல்பு போய்விடுமே என்ற பயம் வீண். கேட்டுவிட்டுப் பத்து நிமிடம் அங்கேயே இருந்தால் அவர்கள் வேலையில் மூழ்கிவிடுவார்கள், அப்போது எடுங்கள். குழந்தைகள் என்றால் பெற்றவர்களைக் கேட்காமல் எடுக்கவே கூடாது. தூங்குகிறவர்கள், குடித்துவிட்டுக் கிடப்பவர்கள், கையேந்துகிறவர்கள், இவர்களை எடுப்பதில்லை. அவர்களால் "வேண்டாம்" என்று சொல்ல முடியாத நிலை அது.

பறவைப் படம் எடுக்கக் கூட்டிப் போவீர்களா?

நவம்பர் முதல் பிப்ரவரி வரை வேட்டங்குடி. சிவகங்கை மாவட்டத்தில் திருப்பத்தூர் பக்கம், 1977-இல் அறிவிக்கப்பட்ட சரணாலயம். நத்தை குத்தி நாரை, சாம்பல் நாரை, கொக்குகள் கூடு கட்டும் கண்மாய்கள். கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடி மக்கள் பறவைகள் பயப்படும் என்று பல வருடங்களாகத் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. ஊர்ப் பிள்ளைகளே வெடியை விட்டுக்கொடுக்கும்போது, ஒரு படத்துக்காக நாம் கூட்டுக்குப் பக்கத்தில் போகலாமா? கரையிலிருந்து இறங்க மாட்டோம். ஃபிளாஷ் கிடையாது. போனில் பறவைக் குரலைப் போட்டுக் கூப்பிடுவது கிடையாது. பறவை கழுத்தை நீட்டி உங்களையே பார்த்தால் நீங்கள் அதிகம் நெருங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

பறக்கும் பறவைக்கு 1/2000 நொடி. கண்ணில் ஃபோகஸ். அரிட்டாபட்டி வல்லூறு மாதிரி அரிய பறவை என்றால், படத்தைப் பகிரும்போது கூடு இருக்கும் பாறையைச் சொல்லாதீர்கள், படத்தில் பதிந்திருக்கும் ஜிபிஎஸ் தகவலையும் நீக்கிவிடுங்கள்.

புதிதாக என்ன கேமரா வாங்கலாம்?

மூன்று தடவை எங்களோடு வந்துவிட்டு வாங்குங்கள். மற்றவர்கள் கேமராவைக் கையில் வாங்கிப் பாருங்கள், யாரும் மறுக்க மாட்டார்கள். கையில் உள்ள பணத்தைப் புது பாடிக்கு (லென்ஸ் இல்லாத கேமராவுக்கு) கொட்டாமல், பழைய பாடியும் ஒரு 50 எம்எம் அல்லது 35 எம்எம் லென்ஸும் வாங்குவது என் யோசனை. பழைய கேமரா வாங்கும்போது லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பார்த்துப் பூஞ்சை இருக்கிறதா என்று கவனியுங்கள். மெல்லிய சிலந்தி வலை மாதிரி தெரியும். நம் ஊர் ஈரக் காலத்துக்கு, மூடி இறுக்கமான டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வைப்பது கட்டாயம்.

டிரோன் கொண்டு வரலாமா?

வேண்டாம். சட்டப்படி எங்கே பறக்கவிடலாம் என்ற கேள்வி ஒரு பக்கம் இருக்கட்டும், வல்லூறு இருக்கும் மலையிலும் கூட்டமான திருவிழாவிலும் அது தொந்தரவு.

போட்டிகளுக்குப் படம் அனுப்புகிறீர்களா? எடிட் செய்யலாமா?

விருப்பம் உள்ளவர்கள் அனுப்புகிறார்கள். ஃபியாப் எனும் சர்வதேசக் கூட்டமைப்பின் அங்கீகாரம் பெற்ற சலூன்கள் எனும் படப் போட்டிகளில் படங்கள் தேர்வாகித் தேர்வாகி, அது தரும் ஏஃபியாப் பட்டம் வாங்க வேண்டும் என்று கனவு காண்கிறவர்களும் உண்டு. நல்ல கனவுதான். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: இயற்கைப் பிரிவில் எதையும் சேர்க்கவும் கூடாது, அழிக்கவும் கூடாது. பின்னணிக் குச்சியை அழித்தால்கூடப் படம் தள்ளுபடி. அதனால் கேமரா பதிந்தபடியே வைக்கும் ரா (RAW) கோப்பாக எடுத்து, அந்த மூலக் கோப்பைப் பத்திரமாக வையுங்கள். வெளிச்சம், நிறம் சரிசெய்வதில் தவறில்லை. ட்ரைப்கூடக் காகித நெகட்டிவில் தூரிகையால் மேகம் தீட்டியவர்தான். ஆனால் இல்லாத பறவையை வானத்தில் ஒட்டிவிட்டு "வேட்டங்குடி, காலை" என்று எழுதினால் எங்கள் மேசையில் அதற்கு இடமில்லை.

நான் எடுத்த படம் யாருக்குச் சொந்தம்?

எடுத்தவருக்கு. இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி படம் எடுத்தவர்தான் அதன் ஆசிரியர். 2012 திருத்தத்துக்குப் பின், அவர் ஆயுள் முழுக்கவும் அதற்கப்புறம் 60 வருடமும் உரிமை உண்டு. குழு உங்களைக் கேட்காமல் எதையும் பயன்படுத்தாது.

பெண்கள் தனியாக வரலாமா? பிள்ளைகளைக் கூட்டி வரலாமா?

வரலாம். இப்போதே பல அக்காமார் வருகிறார்கள். விடிகாலைப் பயணங்களில் யாரும் தனியாக வந்து சேர வேண்டாம் என்று ஒரே வழியில் இருப்பவர்களைச் சேர்த்துவிடுகிறோம். பிள்ளைகள் பத்து வயதுக்கு மேல் என்றால் பெற்றவர்களோடு வரலாம். மலைக்கு மட்டும் கேட்டுவிட்டு வாருங்கள்.

எங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்து எடுத்துத் தருவீர்களா?

மன்னிக்கவும், இல்லை. அதை நம்பிப் பிழைக்கும் ஸ்டுடியோக்காரர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் போங்கள். எங்கள் பிரிண்டுகளைப் போட்டுத் தருகிறவர்களும் அவர்கள்தான்.

முதல் தடவை வருகிறேன். என்ன கொண்டு வர வேண்டும்?

முதல் நாள் இரவே பேட்டரியை முழுதாகச் சார்ஜ் போடுங்கள். மெமரி கார்டில் பழைய படங்களை இறக்கி வைத்துவிட்டு வாருங்கள், அங்கே நின்று அழித்துக்கொண்டிருக்க நேரம் இருக்காது. தண்ணீர் பாட்டில், தொப்பி, பிடிமானம் உள்ள செருப்பு அல்லது ஷூ. லென்ஸ் துடைக்க ஒரு பழைய பருத்தித் துணி. அப்புறம் ஒரு சின்ன நோட்டும் பேனாவும். யார் முகத்தை எடுத்தீர்கள், எந்தக் கடை, எந்தத் தூண் பக்கம் என்று உடனே எழுதி வையுங்கள். அடுத்த மாதம் அவர்களைத் தேடிப் போக வேண்டியிருக்கும்.